ஸ்பிட்டி பள்ளத்தாக்கின் நிலவியல் மரபிடங்களை மதிப்பிடுவதும் காப்பதும்: உங்கள் கருத்து தேவை

மலையடி (கேள்வி):

நண்பர்களுக்கு வணக்கம். இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிட்டி மாவட்டத்தில், ஸ்பிட்டி ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் அதன் துணையாறான 'பின்' (Pin) ஆற்றின் பள்ளத்தாக்கிலும் உள்ள நிலவியல் மரபிடங்களை, அதாவது புவியின் வரலாற்றைக் காட்டும் காக்கத்தக்க பாறை இடங்களைப் பட்டியலிட்டு மதிப்பிடும் ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். அங்குள்ளவை டெத்திஸ் என்னும் பழங்காலக் கடலின் அடியில் படிந்து, இந்தியக் கண்டத்தட்டு ஆசியாவோடு மோதியபோது மேலெழுந்த பாறைகள் என்பதும், கேம்பிரியன் காலம் முதல் கிரெட்டேசியஸ் காலம் வரை ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளின் கடல் வரலாறு, நடுவே சில இடைவெளிகளோடு, அங்கே அடுக்கடுக்காகப் படிக்கக் கிடைக்கிறது என்பதும் இங்குள்ள பலருக்குத் தெரிந்ததே. 1860-களில் நிலவியலாளர் ஸ்டோலிச்கா வகைப்படுத்திய அடுக்குகளுக்கு மூத், குலிங், லிலாங் என்று அவ்வூர்களின் பெயர்களே இன்றும் வழங்குகின்றன. ஹேடன் 1904-இல் வெளியிட்ட ஸ்பிட்டி அறிக்கையைப் புரட்டாமல் அங்கே களப்பணிக்குச் செல்வோர் குறைவு.

என் முதற்பட்டியலில் உள்ளவை இவை: லாங்சா கிராமத்தைச் சுற்றியுள்ள ஸ்பிட்டி களிப்பாறையும் அதன் அம்மோனைட்டுகளும் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரிகளின் புதைபடிவங்கள்), பின் பள்ளத்தாக்கில் மூத் கிராமத்துக்கு அருகிலுள்ள டிரயாசிக் கால (ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காலம்) அடுக்குவரிசை, அங்கேயே வெண்சுவர் போல நிற்கும் மூத் குவார்ட்சைட் (மணற்கல் இறுகிய கடும்பாறை), பராஹியோ பள்ளத்தாக்கின் டிரைலோபைட் (அழிந்துபோன கணுக்காலிக் கடலுயிரி) அடுக்குகள், ஆற்றின் இருபுறச் செங்குத்துகளிலும் தெரியும் சுண்ணாம்புக்கல் மடிப்புகள், சும்தோ பக்கம் உள்ள பழைய ஏரிப் படிவுகள்.

நிலவியலாளர் பிரில்லா 2016-இல் முன்வைத்த மதிப்பெண் முறையைப் பயன்படுத்த எண்ணியிருக்கிறேன். அறிவியல் மதிப்பு, கல்விப் பயன், சுற்றுலாப் பயன், சிதைவு ஆபத்து ஆகிய நான்குக்கும் தனித்தனி அளவுகோல்களும் எடைகளும் அதில் உள்ளன. என் தயக்கம் என்னவென்றால், ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பண்பட்ட ஒரு முறை, ஆண்டில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும், மக்கள் மிகக் குறைவாக வாழும் ஓர் உயர்மலைப் பகுதிக்குப் பொருந்துமா என்பதுதான். மேலும், மதிப்பிட்டு முடித்த பின் அந்த இடங்களைக் காக்க இன்றைய இந்தியச் சட்டங்களில் எதைப் பிடித்துக்கொள்வது என்பதும் தெளிவாகவில்லை. இடங்களின் துல்லியமான ஆயத்தொலைகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) ஆய்வேட்டில் வெளியிடலாமா என்பதிலும் என் நெறியாளருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. களத்தில் பணியாற்றியவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பழைய சுத்தியல் (மறுமொழி):

வணக்கம் அம்மா. பட்டியல் நன்றாக இருக்கிறது. முறையும் தவறான முறையன்று. ஆனால் அதன் எண்களை அப்படியே நம்பி மலைமீது ஏறினால் முதல் இடத்திலேயே அது உங்களைக் கைவிடும். பொதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட லாங்சாவையே எடுத்துக்கொண்டு போட்டுப் பார்த்துவிடலாம்.

பிரில்லாவின் சிதைவு ஆபத்துக் கணக்கில் ஐந்து அளவுகோல்கள் உள்ளன: நிலவியல் கூறுகள் சிதையக்கூடிய தன்மைக்கு 35, சிதைவை விளைவிக்கும் தொழில்களின் அண்மைக்கு 20, சட்டப் பாதுகாப்புக்கு 20, சென்றடையும் வசதிக்கு 15, மக்கள் அடர்த்திக்கு 10 என எடை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். 200 வரை குறைந்த ஆபத்து, 300 வரை நடுத்தரம், அதற்கு மேல் உயர்ந்த ஆபத்து. லாங்சாவில் முதன்மைக் கூறே கையில் எடுத்துப் பையில் போடக்கூடிய அம்மோனைட்டுதான் என்பதால் முதல் அளவுகோலுக்கு 4, அதாவது 140. அருகில் சுரங்கமோ ஆலையோ இல்லை, எனவே 1, அதாவது 20. சட்டப் பாதுகாப்பும் இல்லை, நுழைவுக் கட்டுப்பாடும் இல்லை, எனவே 4, அதாவது 80. ஊர் வரை வண்டி போகிறது, அங்கிருந்து சிறிது நடந்தால் பாறை என்று வைத்து 3 கொடுத்தால் 45. மக்கள் அடர்த்தியோ, 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டம் முழுவதிலும் 31,564 பேர், சதுர கிலோமீட்டருக்கு 2 பேர்; எனவே 1, அதாவது 10. மொத்தம் 295. பள்ளத்தாக்கிலேயே மிக வேகமாகக் கரைந்துகொண்டிருக்கும் இடம் உங்கள் அட்டவணையில் 'நடுத்தர ஆபத்து' என்று பதிவாகிவிடும்.

காரணம், அந்த மக்கள் அடர்த்தி அளவுகோல்தான். அது குடியிருப்போரை எண்ணுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு பகலிலும் அங்கே வண்டியை நிறுத்தி இறங்குவோரை எண்ணுவதில்லை. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோத்தாங் கணவாயைச் சுற்றாமலே லாஹௌலுக்கு வந்துவிட முடிகிறது; அங்கிருந்து கோடையில் குன்சும் கணவாய் வழியாக ஸ்பிட்டியின் தலைமை ஊரான காசாவுக்கு இறங்குவோர் தொகை பெருகிவிட்டது. குடியிருப்போர் அடர்த்திக்குப் பதிலாகப் பருவகால வருகையாளர் செறிவு என்று ஓர் அளவுகோலை வைத்து அதற்கு 4 கொடுத்துப் பாருங்கள். 325 வரும், இடம் உயர்ந்த ஆபத்து வகைக்குள் போய்விடும். அளவுகோலை மாற்றியதற்கான காரணத்தை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது, எண்ணைவிட முக்கியமானது என்று நான் கருதுவது. ஓர் இடம் எப்படி அழியும் என்பதை அதன் மதிப்பெண் சொல்லாது. அதன் வகை சொல்லும். பிரித்தானியாவில் நிலவியல் இடங்களை மூன்றாகப் பிரித்துக் காக்கிறார்கள். மலை முழுக்க ஒரே பாறை ஓடி, ஒரு பக்கம் வெட்டினாலும் மறுபக்கம் அதே பாறை தெரியக்கூடிய இடங்கள் ஒருவகை. ஒட்டுமொத்த உருவம் கெடாமல் இருந்தால் மட்டுமே பொருள் தரும் நிலவடிவங்கள் இன்னொரு வகை. எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் சிறிய படிவுகள் மூன்றாவது வகை. உங்கள் மடிப்புகளும் மூத் குவார்ட்சைட்டும் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு மனிதனால் வரும் கேடு மிகக் குறைவு, மறைக்காமல் விட்டாலே போதும். தேசிய நெடுஞ்சாலை 505-ஐ அகலப்படுத்துகையில் சாலையோரம் புதிதாக வெட்டப்பட்ட முகம் சில இடங்களில் பழையதைவிடத் தெளிவாகவே இருக்கும். அதன்மேல் சிமென்ட் கலவையைப் பீய்ச்சிப் பூசினால்தான் இழப்பு.

லாங்சாவை மூன்றாவது வகை என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. ஸ்பிட்டி களிப்பாறை பரந்து கிடக்கிறது. கறுப்புக் களிப்பாறையில் கைப்பிடி அளவு உருண்டைகள் பதிந்திருக்கும், உறைபனியும் உருகலும் மாறிமாறி ஒவ்வோர் ஆண்டும் புதிய உருண்டைகளை வெளியே தள்ளும். உருண்டையைத் தட்டினால் சிலவற்றுள் மட்டும் விலாவரி கொண்ட அம்மோனைட் இருக்கும். அதனால் பாறை தீர்ந்துவிடாது. தீர்வது எது என்றால், எந்த உருண்டை எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற செய்தி. அடுக்கிலிருந்து பெயர்த்தெடுத்துக் கடைத்தட்டில் வைத்த அம்மோனைட்டு அறிவியலுக்கு ஏறத்தாழ வாயிழந்த சாட்சி. ஆகவே அங்கே காக்க வேண்டியது மலைச்சரிவு முழுவதையும் அன்று. அடுக்குவரிசை முறிவின்றித் தெரியும் ஓரிரண்டு ஓடைமுகங்களை மட்டும். அவற்றை வரையறுத்துக் கொடுத்துவிட்டால் காவலும் எளிது, ஊராரின் ஒப்புதலும் எளிது.

மூத் அடுக்குவரிசைக்குத் தனிக் கவனம் தேவை. ஆரம்ப டிரயாசிக்கின் இண்டுவன், ஒலெனெகியன் ஆகிய இரு கட்டங்களுக்கிடைப்பட்ட எல்லையைக் குறிக்கும் பன்னாட்டு மேற்கோள் இடமாக அது முன்மொழியப்பட்டது. சீனாவின் சாவோஹு அதற்குப் போட்டி. மூத்தில் எல்லையைக் காட்டுபவை, கோனோடான்ட் என்னும் அழிந்துபோன கடலுயிரியின் கண்ணுக்குத் தெரியாத பற்கள். சுண்ணாம்புக்கல்லை அமிலத்தில் கரைத்து, எஞ்சியதை நுண்ணோக்கியில் தேடினால்தான் கிடைக்கும். இப்படிப்பட்ட மேற்கோள் இடத்துக்குப் பன்னாட்டு அடுக்கியல் ஆணையம் எதிர்பார்க்கும் தகுதிகளில், ஆய்வாளர் எவரும் சென்று பார்க்க இயல்வதும் இடம் நிலையாகக் காக்கப்படுவதும் அடக்கம். பாதுகாப்பு இல்லாமை அறிவியல் வாதத்தையே வலுவிழக்கச் செய்துவிடும் என்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு உங்களுக்குக் கிடைக்காது. அங்கே கேடு செய்யக்கூடியவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர், நம்மவர்கள். பாறைக் காந்தவியலுக்காக 2.5 செ.மீ. குறுக்களவில் வரிசையாகத் துளையிட்டு, வண்ணப்பூச்சால் எண்ணிட்டுவிட்டுப் போவது நம் துறையின் வழக்கம். மாதிரி எடுப்போர் எல்லை அடுக்கிலேயே உளி வைக்காமல், பக்கவாட்டில் நகர்ந்து எடுக்க வேண்டும் என்ற விதியை உங்கள் பரிந்துரையில் முதலாவதாக எழுதுங்கள்.

சும்தோ ஏரிப் படிவுகளை நீங்கள் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். நான் அவசர வரிசையில் முதலில் போடுவேன். ஆற்றை நிலச்சரிவு மறித்தபோது தேங்கிய ஏரியின் மென்மையான வண்டலும் மணலும் அவை. நீர் ஊறியிருந்த வண்டல் நிலநடுக்கத்தில் குலுங்கிச் சுருண்ட வடிவங்கள் அவற்றின் அடுக்குகளில் உறைந்து கிடக்கின்றன. 1975 ஜனவரியில் 6.8 அளவு நிலநடுக்கம் கண்ட பகுதி அது. கருவிகள் வருவதற்கு முந்தைய நிலநடுக்கங்களின் பதிவேடு அந்த வண்டல்தான். மண் அள்ளும் இயந்திரம் ஒன்று ஒரு பிற்பகலில் அதைத் தீர்த்துவிடும். உண்மையில் தீரக்கூடிய வகை உங்கள் பட்டியலில் அதுதான்.

நெறிமுறை (மறுமொழி):

சட்டம் குறித்த கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். நான் நிலவியலாளன் அல்லன். கனிமக் குத்தகை வழக்குகளைப் பார்ப்பவன்.

நிலவியல் மரபிடங்களுக்கென்று தனிச்சட்டம் இந்தியாவில் இன்று இல்லை. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் சின்னங்கள் என்று சில இடங்களை அறிவித்திருக்கிறது. இமயமலைப் பகுதியில் சிர்மூர் மாவட்டத்துச் சகேட்டி புதைபடிவப் பூங்காவும், சிக்கிமில் நாம்சிக்கு அருகே மாம்லேயில் உள்ள ஸ்ட்ரோமடோலைட் (நுண்ணுயிர்ப் படலங்களால் உருவான) பாறைகளும் அவற்றில் அடங்கும். ஆனால் அந்த அறிவிப்புக்குப் பின்னால் தண்டனை விதிக்கும் சட்டப்பிரிவு எதுவும் இல்லை. வேலியும் பலகையும் வைக்கலாம், வழக்குத் தொடுக்க இயலாது. சகேட்டி 1974 முதல் நிலைத்திருப்பதற்குக் காரணம் அங்கே நிலமும் அருங்காட்சியகமும் பணியாளரும் இருப்பதுதான், சின்னம் என்ற பட்டம் அன்று.

பலரும் 1958-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தை நாடலாம் என்று நினைப்பார்கள். அதில் குகை, ஒற்றைக்கல் ஆகிய சொற்கள் உண்டு. ஆனால் வரலாறு, தொல்லியல், கலை சார்ந்த முக்கியத்துவம் இருக்க வேண்டும் என்று அதே வரையறை கேட்கிறது. 25 கோடி ஆண்டுப் பழைமை அந்தக் கதவைத் திறக்காது. சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் நிலவியல் மரபிடங்கள் மற்றும் எச்சங்களுக்கான சட்டவரைவைக் கருத்துக் கேட்புக்கு வெளியிட்டது. இடங்களை அறிவிக்கும் அதிகாரம், நிலத்தைக் கையகப்படுத்துதல், சேதத்துக்குத் தண்டனை எல்லாம் அதில் இருந்தன. அதிகாரம் முழுவதும் ஒரே துறையிடம் குவிகிறது, பல்கலைக்கழகங்களுக்கும் மாநிலங்களுக்கும் இடமில்லை என்று தொல்லுயிரியல் ஆய்வாளர்கள் பலர் எதிர்த்தார்கள். அது சட்டமாகவில்லை. உங்கள் ஆய்வேட்டில் அதை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

கையில் இருப்பவற்றைப் பார்ப்போம். முதலாவது, பின் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா. 1987 முதல் இருக்கிறது. பூங்கா எல்லைக்குள் விழும் பாறைகளுக்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மறைமுகக் காவல் தருகிறது. அனுமதியின்றி நுழைவதும் வாழிடத்தைச் சிதைப்பதும் குற்றம் என்பதால், பாறையை உடைப்போரையும் அதே விதியால் தடுக்க வாய்ப்புண்டு. உங்கள் பட்டியலில் எவை எல்லைக்குள், எவை வெளியே என்பதை வரைபடத்தில் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மேலும், குளிர்ப்பாலைவன உயிர்க்கோளக் காப்பகம் 2025-இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்க்கப்பட்டது. அதன் மேலாண்மைத் திட்டத்தில் நிலவியல் பற்றி ஓர் அத்தியாயம் இடம்பெறச் செய்வது, புதிய சட்டம் கேட்பதைவிட எளிது.

இரண்டாவதாகச் சொல்லப்போவதுதான் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது. லாஹௌல்-ஸ்பிட்டி அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி. எனவே அத்தகைய பகுதிகளுக்கு ஊராட்சி முறையை விரிவாக்கிய 1996-ஆம் ஆண்டின் பெசா (PESA) சட்டம் அங்கே நடைமுறையில் உள்ளது. சிறுகனிமங்களுக்கு ஆய்வு உரிமமோ குத்தகையோ தருவதற்கு முன் கிராமசபை அல்லது உரிய நிலை ஊராட்சியின் பரிந்துரை கட்டாயம் என்று அதன் 4-ஆம் பிரிவு சொல்கிறது. மணல், சரளை, கட்டுமானக் கல் எல்லாம் சிறுகனிமங்கள்தாம். மேலே ஐயா சொன்ன சும்தோ வண்டலுக்கு இன்று கிடைக்கக்கூடிய வலுவான கேடயம் இதுவே. 'இன்ன சர்வே எண்ணில், இன்ன அளவு நிலத்தில் மண் எடுக்கப் பரிந்துரைப்பதில்லை' என்று கிராமசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றி வைத்திருந்தால், பின்னாளில் வரும் குத்தகை விண்ணப்பத்தின்போது அது கோப்பில் நிற்கும்.

அதோடு, சிறுகனிமங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதிக்கு 2016 முதல் மாவட்ட ஆய்வறிக்கை தயாரிக்கப்பட வேண்டும். அந்த அறிக்கையின் வரைவு கருத்துக்கு வைக்கப்படும்போது, உங்கள் இடங்களைச் சுரங்கம் தவிர்க்க வேண்டிய பகுதிகளாகச் சேர்க்கும்படி எழுத்துவடிவில் மனு கொடுங்கள். இது கவர்ச்சியான வேலை அன்று. ஆனால் ஸ்ரீநகருக்குக் கிழக்கே குன்மோ அருகிலுள்ள குர்யுல் பள்ளத்தை நினைத்துப் பாருங்கள். பெர்மியன், டிரயாசிக் காலங்களுக்கிடையே 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பேரழிவின் எல்லையை உலகிலேயே மிகத் தெளிவாகக் காட்டும் இடங்களுள் ஒன்று அது. எல்லையின் பன்னாட்டு மேற்கோள் தகுதி 2001-இல் சீனாவின் மெய்ஷானுக்குப் போனது. குர்யுலைச் சுற்றிக் கல்குவாரிகள் நெருங்கிவந்தன. அறிவியல் உலகுக்கு நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்திருந்த இடம், மாவட்டக் கோப்பில் வெறும் சுண்ணாம்புக்கல்லாக மட்டுமே இருந்ததன் விளைவு அது.

வடமலை வழித்துணை (மறுமொழி):

ஒவ்வொரு கோடையிலும் தமிழ்நாட்டிலிருந்து வரும் குழுக்களை ஸ்பிட்டிக்கு அழைத்துச் செல்பவள் நான். மேலே இருவரும் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இருவருடைய பேச்சிலும் லாங்சாவின் மக்கள் ஒப்புதல் தரவேண்டியவர்களாக மட்டுமே வருகிறார்கள். அது போதாது.

வண்டி நின்றதும் சிறுவர்கள் கம்பளிச் சட்டையின் பையிலிருந்து அம்மோனைட்டுகளை எடுத்து நீட்டுவதைப் பார்க்காமல் அந்த ஊரைக் கடக்க முடியாது. விற்பவர்களைக் குற்றவாளிகளாக்கி எழுதும் கட்டுரைகள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. வாங்குபவர் நகரத்திலிருந்து வருகிறார். அந்தச் சிறுவனின் விலையைப்போல் பன்மடங்குக்கு அதே கல் இணையத்தில் விற்கப்படுகிறது. பட்டாணியும் பார்லியும் ஒரே போகம் விளையும் 4,400 மீட்டர் உயரத்து ஊரில், கோடை மாதங்களின் கைக்காசை நிறுத்துங்கள் என்று சொல்பவர் அதற்கு ஈடாக என்ன தருவார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிரான்சின் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் டீன்-லே-பேனைச் சுற்றி 1984-இல் அமைத்த நிலவியல் காப்பகத்தைப் பாருங்கள். சாலையோரத்திலேயே சாய்ந்து நிற்கும் ஒரு சுண்ணாம்புக்கல் பாளத்தில் 1,500-க்கும் மேற்பட்ட அம்மோனைட்டுகள் பதிந்திருக்கின்றன. யாரும் பெயர்க்காமல் அது அங்கேயே நிற்கிறது. பாறையிலிருந்து உடைத்தெடுப்பது அங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் சுற்றுப் பாதுகாப்பு வட்டத்தில், இயற்கையாகவே உதிர்ந்து கிடப்பவற்றைச் சிறிய அளவில் பொறுக்குவதை அனுமதிக்கிறார்கள். மழையும் பனியும் எப்படியும் உதிர்க்கப்போவதை மட்டும் விட்டுக்கொடுத்து, அடுக்கைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. முழுத்தடையைவிட இப்படியொரு விதியை லாங்சாவின் ஊர்க்கூட்டம் ஏற்பதற்கு வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம். பார்வையாளரை ஓடைமுகத்துக்கு அழைத்துச் சென்று காட்டும் உரிமை ஊர் இளைஞர்களுக்கு மட்டும் என்று முறைப்படுத்தினால், கல்லை விற்றுக் கிடைப்பதைவிடக் காட்டிக் கிடைப்பது நிலையான வருமானம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஜியோபார்க் (நிலவியல் மரபைக் காக்கும் பகுதி) என்ற பெயர் இப்போது பல அலுவலகங்களில் அடிபடுகிறது. யுனெஸ்கோ உலக ஜியோபார்க்காக இந்தியாவில் இதுவரை ஓர் இடமும் ஏற்கப்படவில்லை. அந்தத் தகுதி கேட்கும் அமைப்பு, புதைபடிவங்களையும் கனிமங்களையும் விற்கும் வணிகத்தில் நேரடியாகப் பங்கேற்கக் கூடாது என்பது யுனெஸ்கோவின் நிபந்தனை. விற்பனைக்கு மாற்றுவழி செய்யாமல் பெயருக்கு விண்ணப்பிப்பது, ஊராரையும் விண்ணப்பத்தையும் ஒருசேரக் கெடுக்கும்.

இன்னொன்று. உங்கள் மதிப்பீட்டில் பண்பாட்டு மதிப்புக்கு இடமிருந்தால், சாளக்கிராமத்தை மறவாதீர்கள். நேபாளத்தின் முக்திநாத்துக்குக் கீழே காளி கண்டகியில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்கள், ஸ்பிட்டியில் உள்ள அதே கறுப்புக் களிப்பாறையின் தொடர்ச்சியிலிருந்து வரும் அம்மோனைட் உருண்டைகள்தாம். 108 திவ்விய தேசங்களுள் முக்திநாத் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய தலம். என்னோடு வரும் தமிழ்க் குழுக்களில் பெரியவர்கள் லாங்சாவில் கல்லைக் கண்டதும் கைகூப்புவதும், வீட்டுப் பூசைக்கென்று விலைபேசுவதும் இதனால்தான். அவர்களிடம் 25 கோடி, 15 கோடி என்று ஆண்டுக்கணக்குச் சொல்வது பயன் தராது. பூசைக்குரிய கல் ஆற்றில் தானாக வந்து சேர்ந்ததாக இருக்க வேண்டும், மலையை உடைத்து எடுத்ததாக இருக்கக் கூடாது என்று சொன்னால் உடனே ஏற்றுக்கொள்கிறார்கள்.

மலையடி:

மூவருக்கும் நன்றி. மக்கள் அடர்த்தி அளவுகோலை மாற்றுவதையும், பட்டியலை மூன்று வகையாகப் பிரிப்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். மதிப்பையும் ஆபத்தையும் கூட்டி ஒரே தரவரிசையாக்கும் எண்ணத்தைக் கைவிடுகிறேன். இரு அச்சுகளில் புள்ளியிட்டுக் காட்டினால், மடிப்புகள் உயர்மதிப்பு, குறைந்த ஆபத்து மூலையிலும், சும்தோவும் லாங்சாவின் ஓடைமுகங்களும் உயர்மதிப்பு, உயர்ந்த ஆபத்து மூலையிலும் விழுகின்றன. கிராமசபைத் தீர்மானத்துக்கான மாதிரிப் படிவம் இருந்தால் பகிருங்கள், நெறிமுறை அண்ணா. ஆயத்தொலை பற்றிய கேள்விக்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை.

பழைய சுத்தியல்:

அதை நான் வேண்டுமென்றே கடைசிக்கு விட்டேன், ஏனெனில் அதற்கும் ஒரே விடை கிடையாது. மூத் அடுக்குவரிசையின் இடம் முப்பது ஆய்வுக்கட்டுரைகளில் படத்தோடு இருக்கிறது; அதை மறைப்பதில் பொருளில்லை, மறைத்தால் மேற்கோள் இடமாகும் தகுதிக்கே கேடு. மடிப்புகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். பார்வையிடத்தின் ஆயத்தொலையைத் தாராளமாகக் கொடுங்கள். பராஹியோவின் டிரைலோபைட் அடுக்குகளுக்கும் லாங்சாவின் ஓடைமுகங்களுக்கும் பள்ளத்தாக்கின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துல்லியமான எண்கள் அடங்கிய இணைப்பைப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் ஆய்வுத்துறையிலும் ஒப்படைத்து, ஆய்வாளர் கேட்டால் தரலாம் என்று குறிப்பிடுங்கள். நெறியாளர் முழுவதையும் வெளியிட வேண்டும் என்றாலும், முழுவதையும் மறைக்க வேண்டும் என்றாலும், இடத்துக்கு இடம் முடிவெடுப்பது என்ற இந்த நடுவழியை அவர் முன் வையுங்கள்.

சும்தோ விஷயத்தில் மட்டும் என் கருத்து நேரெதிர். அங்கே திருட்டு அபாயம் இல்லை. அறியாமல் அள்ளிவிடும் அபாயமே உண்டு. ஆகவே அதன் எல்லையை எத்தனை கோப்புகளில் முடியுமோ அத்தனையிலும் சேருங்கள். சாலைப் பொறியாளர் அலுவலகத்துக்கும் ஒரு படி போகட்டும்.

அடுத்த களப்பயணத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் மாறாத ஒரு நிலைப்புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அளவுகோலை வைத்து, ஒரே திசையில், ஒரே குவியத்தில் படம் எடுத்து வையுங்கள். நிலைப்புள்ளிக்குப் பாறையில் வண்ணம் பூசாதீர்கள். பெரிய உருளைக்கல் ஒன்றின் விளிம்பையோ சாலைக் கிலோமீட்டர் கல்லையோ அடையாளமாகக் கொள்ளலாம். சும்தோவில் இதை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டும், ஏனெனில் ஆறே அடியை அரிக்கிறது. ஆறு அரித்தது எவ்வளவு, இயந்திரம் அள்ளியது எவ்வளவு என்று பின்னால் பிரித்துச் சொல்ல அந்த இரண்டு படங்களும் தேவைப்படும்.

நெறிமுறை:

படிவத்தைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன், சகோதரி. தீர்மானத்தில் சர்வே எண்ணோடு வரைபடமும் இணைப்பாக இருக்கட்டும். ஐயா சொன்ன படங்களையும் நாளிட்டு அதோடு சேர்த்துவிடுங்கள். இந்தி மூலத்தில் கையெழுத்தாகட்டும், ஆங்கிலப் படி இணைப்பாக மட்டும் போகட்டும்.